எங்கள் ஊரில் விளக்கே எரிந்ததில்லை

எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் ஒரு வீடியோ இருக்கிறது. நாலு நிமிஷம் ஓடும். பின்னணியில் புல்லாங்குழல், முன்னால் கையில் சால்டரிங் கோலோடு குனிந்து வயரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண். ‘இருளை வென்ற கிராமத்து விஞ்ஞானி’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பெண் நான்தான். அதைப் பார்த்துவிட்டு இன்றும் யாராவது ‘பெருமையா இருக்கும்மா’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததை ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் ஆத்திரம் அடங்குமோ என்னவோ. அடங்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் என்று சொல்வதே பெரிய வார்த்தை. இருபத்திரண்டு வீடு, அவ்வளவுதான். பெரம்பலூர் மாவட்டமும் அரியலூர் மாவட்டமும் ஒன்றையொன்று தொடுகிற கரிசல் பக்கத்தில், ஒரு ஏரியின் உள்வாய் ஓரம் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் எங்கள் சனம் பண்ணை வேலை பார்த்த இடத்திலேயே குடியிருந்தது. அப்பா காலத்தில் அது வேண்டாமென்று கிளம்பி வந்து இங்கே குடிசை போட்டார்கள். ஏரிப் புறம்போக்கு, அதனால் பட்டா இல்லை. பட்டா இல்லை, அதனால் கரண்டு இல்லை. ஆனால் ஓட்டு உண்டு. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் ஒருவர்கூட, ‘நீங்க ஏரிக்குள்ள இருக்கீங்க, உங்க ஓட்டு எங்களுக்கு வேணாம்’ என்று சொல்லித் திரும்பிப் போனதில்லை.

இதே ஏரியின் எதிர்க்கரையில், இதே புறம்போக்கில், ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதற்கு ஏசி ஓடுகிற அளவுக்குக் கரண்டு இருக்கிறது. முகூர்த்த நாட்களில் மரத்துக்கு மரம் சீரியல் பல்பு போட்டு, தண்ணீரில் பச்சையும் சிவப்புமாகத் தெரியும். போதாததற்கு எங்கள் கூரைகளுக்கு நேர் மேலே சிமெண்ட் ஆலைக்குப் போகிற பெரிய கம்பிகள். மழை நாளில் அவை விடாமல் இரையும். அந்த இரைச்சலுக்குக் கீழே நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்தோம். ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றும் போன பிறகு, மெழுகுவர்த்தியும் செல்போன் டார்ச்சும்தான். அந்த செல்போனுக்கு சார்ஜ் போட மெயின் ரோட்டு டீக்கடைக்கு நடக்க வேண்டும்.

பன்னிரண்டாவதோடு என் படிப்பு நின்றது. லப்பைக்குடிக்காட்டில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரர் சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வேலைக்கு வைத்தது மெக்கானிக்காக அல்ல. அந்த ஊரில் பாதி ஆம்பளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீட்டுப் பெண்களின் போனில் புருஷனோடு பேசியதும் குடும்பப் படங்களும் இருக்கும். அதை ஒரு ஆம்பளை கையில் கொடுத்துவிட்டுப் போக அவர்கள் தயங்குவார்கள். வாங்கி வைக்க ஒரு பொம்பளைப் பிள்ளை தேவைப்பட்டாள்.

வாங்கி வைத்தவள் கழற்றவும் ஆரம்பித்தேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பாய் செய்வதைப் பார்ப்பேன், செத்துப்போன போன்களில் செய்து பார்ப்பேன், கை சுடும், மறுபடி செய்வேன். ஆறு மாதம் கழித்து ஒருநாள் அவர் முடியாது என்று ஒதுக்கி வைத்த போன் ஒன்று என் கையில் உயிர் பெற்றது. “மாஷா அல்லாஹ், நான் சவூதிலயே இருந்திருக்கலாம் போலருக்கே!” என்றார். அன்றிலிருந்து கடையின் பின்னறை எனக்கு.

பின்னறையில் உடைந்த டிவிக்கள் கிடந்தன. டிவி உடைந்தால் கண்ணாடிதான் போகும். அதற்குப் பின்னால் வெளிச்சம் தருகிற சின்னச் சின்ன எல்இடி பட்டைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்த நாளில்தான் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. பேட்டரிக்கு எங்கும் போக வேண்டாம். எங்கள் ஊர் ஆண்கள் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்தடிக்கப் போகிறவர்கள். முதுகில் மாட்டுகிற மருந்து டேங்கின் பேட்டரி கொஞ்சம் பலம் குறைந்தாலே முதலாளிகள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மருந்தடிக்கத்தான் அது ஆகாது, விளக்கெரிக்கத் தாராளமாக ஆகும். விரிசல் விட்ட சோலார் தகடு பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்தது.

முதல் விளக்கைப் பெரியம்மா வீட்டில் போட்டேன். அம்மாவின் அக்கா, அடுத்த வீடு. இருட்டில் விறகு எடுக்கப் போய் இரண்டு முறை தேள் கொட்டு வாங்கியவள். அந்த முதல் விளக்கு பத்து நிமிஷம் பளிச்சென்று எரிந்து, பட்டை கருகி, வீடெல்லாம் நாற்றம். பேட்டரியிலிருந்து வருவதைக் கட்டுப்படுத்த நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “பத்து நிமிசம் எரிஞ்சது நாளைக்குப் பத்து நாளு எரியும் புள்ள, வுடு” என்றாள். நான்காவது தடவை போட்டது நின்று எரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வீடாக, ஒன்றரை வருஷத்தில் இருபத்திரண்டு வீட்டுக்கும் போட்டு முடித்தேன். வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு செல்போன் சார்ஜர்.

அப்போதுதான் புல்லாங்குழல்காரர்கள் வந்தார்கள். கடையில் ஒருவர் சொல்லி, இன்னொருவர் கேட்டு, கேமராவோடு மூன்று பேர். ஒரு தனியார் கல்லூரி விழாவில் பொன்னாடை போர்த்தி, ஷீல்டு கொடுத்தார்கள். மேடையில் ஒருவர் பேசினார்: “வசதி இல்லை, வாய்ப்பு இல்லை என்று குறை சொல்கிற இளைஞர்கள் இந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும்.” எல்லோரும் கைதட்டினார்கள். நானும் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வசதி இல்லை என்பது குறை இல்லையா? அதைச் சொல்லக் கூடாதா? என்னைப் பாராட்டுவது அவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு கம்பம் நடுவதைவிட மலிவாக இருந்தது. அந்த மேடையில் இருந்த ஒருவராவது ‘ஏம்மா, உங்க ஊருக்கு ஏன் இன்னும் கரண்டு வரல?’ என்று கேட்கவில்லை.

என் விளக்கு எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா கல் உடைக்கும் கிரஷரில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அத்தனை தூசியும் அவர் நெஞ்சில் இருந்தது. மூச்சு முட்டும்போது மருந்தைப் புகையாக்கி மூக்கில் கொடுக்கிற மிஷின் ஒன்றை ஆஸ்பத்திரியில் தந்தார்கள். அது வீட்டுக் கரண்டில் ஓடுகிற மிஷின். நான் நாலு பேட்டரியைச் சேர்த்து, இன்வெர்ட்டர் ஒன்றைச் செய்து மாட்டினேன். மூன்று நிமிஷம் ஓடி நின்றுவிட்டது. பெரியப்பா மூக்கிலிருந்து மாஸ்க்கை எடுத்துவிட்டு, “பரவால்ல பாப்பா” என்றார். அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

அதனால் மூச்சு முட்டினால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் பெரியம்மா பிடித்துக்கொள்ள, இரண்டு கிலோமீட்டர் டீக்கடைக்குக் கொண்டுபோவோம். வடை சட்டிக்குப் பக்கத்தில் பிளக்கைச் சொருகி, டீ குடிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மூச்சு வாங்குவார். டீக்கடைக்காரர் நல்ல மனுஷன். ஆனால் கடையை மூடிவிட்டு அவரும் வீட்டுக்குப் போக வேண்டுமே. எங்களுக்கு வேண்டியது என் விளக்கு அல்ல, உண்மையான லைன். அது வராமல் பெரியப்பாவைக் காப்பாற்ற முடியாது என்று நான் தினமும் பயந்தேன்.

இந்த நிலையில்தான் பட்டா இல்லாத வீடுகளுக்கும் கரண்டு தரலாம் என்று ஒரு உத்தரவு வந்தது. கரண்டு இல்லாத வீடுகளைக் கணக்கெடுக்க இரண்டு பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன். நான் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

வந்தவர்களைப் பெரியம்மாதான் எதிர்கொண்டாள். அவர்கள் பேப்பரை விரித்து, “உங்க வூட்டுல லைட் இருக்காம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள். வாழ்நாளில் எந்த ஆபீசரும் வந்து கேட்காத கேள்வி. அவள் கூசிக் குறுகி ‘இல்லைங்க’ என்று சொல்லியே பழகிய கேள்வியும்கூட. இப்போது அவளிடம் பதில் இருந்தது. “இருக்குங்க! ஏன் இல்லாம? எங்க பொண்ணு போட்டது. வந்து பாருங்க சார்” என்று உள்ளே கூட்டிப்போய், பட்டப்பகலில் சுவிட்சைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அதோடு விட்டாளா? இருபத்திரண்டு வீட்டுக்கும் அவர்களை அழைத்துப்போய், ஒவ்வொரு வீட்டிலும் விளக்கைப் போட்டுக் காட்டி, கடைசியில் கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவர்கள் இருபத்திரண்டு இடத்தில் ‘மின்வசதி உள்ளது’ என்று டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நான் வந்ததும் ஓடி வந்து சொன்னாள். “ஒன்னப் பத்தித்தான் புள்ள பேசிக்கிட்டே இருந்தாங்க. பேரையெல்லாம் எழுதிக்கிட்டாங்க.” அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த டிக்கோடு லைன் போச்சு என்று எனக்கு உடனே புரிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அவளைத் திட்ட வாய் வரவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு கரண்டு ஆபீசுக்குப் போனேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு, அங்கிருந்து மாடிக்கு. கடைசியில் இருந்த அதிகாரி வயதானவர், கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கரண்டு தர வேண்டிய ஊர்ப் பட்டியலில் எங்கள் குடியிருப்பு இல்லை.

“அது பேட்டரி லைட்டுங்க சார், நான் போட்டது. ஒரு ஃபேன்கூட ஓடாது” என்றேன்.

“லைட் இருக்கான்னுதாம்மா பேப்பர்ல கேள்வி. யாரு போட்டதுன்னு கேள்வி இல்லை.”

“எங்க பெரியப்பா மூச்சு மிஷினுக்கு லைன் வேணும் சார்.”

அவர் தன் போனை எடுத்து ஏதோ தேடினார். புல்லாங்குழல் சத்தம் கேட்டது. என் வீடியோ. அதில் நானே சொல்கிறேன்: “இப்ப எங்க ஊர்ல எல்லா வூட்டுலயும் வெளிச்சம் இருக்கு.” அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, “இத ஊரே பாத்திருக்கு. இத வெச்சுக்கிட்டு நான் இல்லன்னு எப்புடிம்மா எழுதுறது?” என்றார். அவர் குரலில் நக்கல் இல்லை. நக்கல் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அவரே வழியும் சொன்னார். மறு ஆய்வு கேட்டு ஒரு மனு எழுத வேண்டும். ஊரார் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வுக்கு வரும்போது ஒரு விளக்குகூட இருக்கக் கூடாது. எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. “அந்த வீடியோவுக்கும் ஒரு வரி எழுதிடுங்க. சும்மா படம் எடுக்க ஒரு நாளைக்குப் போட்டதுன்னு. ஒங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்.”

நல்லதுக்குத்தான். சிமெண்ட் ஆலைக்கு எங்கள் தலைக்கு மேல் கம்பி இழுத்தபோது யாரும் யாருடைய விளக்கையும் அணைக்கச் சொல்லவில்லை. மண்டபத்துக்காரரிடம் ‘ஏற்கெனவே ஒங்ககிட்ட பெட்ரோமாக்ஸ் இருந்துச்சா?’ என்று கேட்டுப் பேப்பரில் டிக் அடிக்கவில்லை. எங்களுக்கு மட்டும், கையாலாகாதவர்களாக இருந்தால்தான் கரண்டு. கொஞ்சம் மூளையைப் பயன்படுத்தி ஒரு விளக்கைக் கொளுத்திக்கொண்டால், இவர்களுக்குத்தான் இருக்கிறதே என்று பெயரை அடித்துவிடுவார்கள். அந்த மாடிப்படியில் இறங்கும்போது யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. அறைவதற்கு ஒரு ஆள்கூடத் தென்படவில்லை என்பதுதான் கொடுமை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பத்து நாலு விளக்கையும் நானே கழற்றினேன். சோலார் தகடுகளைச் சாக்கில் சுற்றிப் பாயின் கடைப் பின்னறையில் கொண்டுபோய் வைத்தேன். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைச் சாணி வைத்து அடைத்தோம். அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் மறுபடி மெழுகுவர்த்தியைத் தேடினார்கள். வெளிச்சத்துக்குப் பழகிய பிறகு வருகிற இருட்டு முன்னைவிட மோசம். “குடுத்தவளே வந்து புடுங்கிட்டா” என்று எதிர்வீட்டுக்காரர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மனுவையும் நான்தான் எழுதினேன். ஊரில் என் கையெழுத்துத்தான் நன்றாக இருக்கும். ‘எங்கள் குடியிருப்பில் இதுநாள்வரை எந்த வீட்டிலும் மின்விளக்கு எரிந்ததில்லை என்றும், வீடியோவில் காணப்படும் விளக்குகள் விளம்பரத்துக்காக ஒருநாள் மட்டும் வைக்கப்பட்டவை என்றும் உறுதி கூறுகிறோம்.’ விளம்பரத்துக்காக என்ற வார்த்தையை எழுதும்போது பேனா நின்றது. என்னை நானே பித்தலாட்டக்காரி என்று எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் அழகான கையெழுத்தில்.

எல்லோரும் போட்டார்கள். பெரியம்மா போடவில்லை.

மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, “படி, கேக்குறேன்” என்றாள். படித்தேன். “என் வூட்டுல ரெண்டு வருசமா எரிஞ்சுது. எரியலன்னு நான் எப்புடிக் கைநாட்டு வெப்பேன்? ஒன்னையப் பொய்க்காரின்னு எழுதுன காயிதத்துல நான் விரல் வெக்கணுமா?”

“பெரிம்மா, எல்லாரும் வெச்சுட்டாங்க. நீ ஒருத்தி வெக்கலன்னா மனு செல்லாது.”

“செல்லாட்டிப் போவுது.”

உள்ளே பெரியப்பா இருமுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. “பெரியப்பாவுக்கு மூச்சு வேணுமா, எம் பேரு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு” என்று கத்திவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ரெண்டும் வேணும்டி. ஏன், ரெண்டும் ஒண்ணா கெடைக்கக் கூடாதா?”

அவள் கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை மையில் தோய்த்து, காகிதத்தில் நானே அழுத்தினேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். ஆனால் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

ஆய்வுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார்கள். அதுவரை எந்த நாள் வருவார்களோ என்று ஒரு விளக்கைக்கூட நாங்கள் திரும்ப மாட்டவில்லை. செய்யத் தெரிந்தவள், செய்த பொருளைப் பின்னறையில் பூட்டிவிட்டு, ஊரை இருட்டாகவே வைத்திருக்கக் காவல் காத்தேன். இடையில் மூன்று முறை பெரியப்பாவை பைக்கில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வந்தவர்கள் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘மின்வசதி இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கம்பம் நட்டு, கம்பி இழுத்து, லைன் வர அதற்கப்புறம் ஐந்து மாதம். வந்தது. பெரியப்பா அதுவரை உயிரோடு இருந்தார். லைன் கொடுத்த முதல் நாளே மிஷினை வீட்டில் மாட்டினோம். அது ஓடுகிற சத்தத்தை அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் விழா வைத்தார்கள். சாமியானா, நாற்காலி, பூமாலை. பெரிய மனிதர் ஒருவர் சுவிட்சைத் தட்டினார். “சுதந்திரம் வாங்கின நாளிலிருந்து இருட்டிலேயே கிடந்த இந்த மக்களுக்கு இன்றைக்குத்தான் முதல் வெளிச்சம்” என்று பேசினார். எங்கள் சனம் கைதட்டியது. நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

விழா முடிந்ததும் கேமரா வைத்திருந்த ஒருவர், பேச ஒரு அம்மா வேண்டும் என்று பெரியம்மாவை நிறுத்தினார். வாய் தவறி அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

“அம்மா, இதுக்கு முன்னாடி உங்க வீட்டுல லைட்டே பார்த்ததில்லையா?”

பெரியம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள்: “எங்கங்க? இருட்டுலதான் கெடந்தோம். எங்களுக்குன்னு யாரும் ஒண்ணும் செய்யலைங்க. இப்பத்தான் மொத மொதல்ல பாக்குறோம்.”

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா என்னிடம் வந்து, யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“சரியாச் சொன்னேனாடி?”

“சரியாத்தான் பெரிம்மா சொன்ன” என்றேன்.